கடைசிக் குருவி இறங்கும் வரை

சேசு மரி சூசை துணை

இனயம்,
கொல்லம் 1110 தை மாதம், மெழுகுதிரித் திருநாள் கழிந்த திங்கட்கிழமை.

என் அன்பு மகன் மரியஜானுக்கு உன் அப்பன் ஏசுஅடிமை ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்துக்குப் பதில் எழுது என்றுதான் இதுவரை எல்லாக் கடிதத்தையும் ஆரம்பித்தேன். இன்றைக்கு அதில் முதல் பாதியை எழுதப் பேனா நகரவில்லை. கோயில் உபதேசியாராக இருந்துகொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொய் சொல்லாதே என்று மந்திரம் படிப்பிக்கிறவன் சொந்த மகனிடம் பொய் எழுதக்கூடாது. இங்கே யாரும் சுகமில்லை. நீ சுகமா என்று கேட்பது மட்டும் மெய். ஸ்ரீநகரம் தபாலாபீசுக்கு இதற்கு முன் நான் போட்ட கடிதங்கள் உன் கைக்கு வந்தனவோ, அங்கேயே ஒரு மூலையில் கிடக்கின்றனவோ தெரியாது, அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே சொல்கிறேன். தெரிந்ததையே கிழவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்று சலித்துக்கொள்வாய். சலித்துக்கொள் மக்கா, சலித்துக்கொண்டு ஒரு வரி எழுது.

உன் கடைசிக் கடிதம் புரட்டாசி பிறந்த வாரத்தில் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வட்டக்கோட்டைக் கரையில் குருவி சுட வந்த துரை, தோலை உரித்துப் பஞ்சு அடைத்து வைக்க ஆள் தேடியபோது, மீன் வயிறு கீறிப் பழகிய உன் கை அவருக்குப் பிடித்துப்போய் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார், சரி. போன இடத்திலிருந்தெல்லாம் நீ எழுதியது குருவியும் குளிரும்தான். என்ன சாப்பிட்டான் என்று ஒரு வார்த்தை எழுதமாட்டேன் என்கிறானே என்று உன் அம்மை ஆவலாதி சொல்லிக்கொண்டே இருப்பாள். மழைக்காலத்தில் ராவல்பிண்டிக்கு மேலே அடிவாரக் காட்டிலிருந்து நீ எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே காலையும் மாலையும் நான் கோயிலில் திருந்தாதிச் செபத்துக்கு மணி அடிக்கிற நேரத்துக்குத் தோப்புக்குள்ளிருந்து இரட்டை விசில் கொடுக்குமே ஆறுமணிக் குருவி, பச்சை முதுகும் அடிவயிற்றில் சிவப்பும் வெட்டிவிட்டது போல் குட்டை வாலுமாக, அதை நாம் நம் ஊர்க் குருவி என்றே நினைத்திருந்தோம். அது அங்கேதான் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது, குளிர்காலத்துக்கு மட்டும்தான் நம்மிடம் வருகிறது என்று நீ எழுதியபோது, இத்தனை வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் என்று நினைத்தவன் விருந்தாளி என்று தெரிந்ததுபோல எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

புரட்டாசிக் கடிதத்தில் நீ எழுதினாய்: குளிர் குருவியைக் கொல்வதில்லை அப்பா, இறகே அதற்குக் கம்பளி. குளிர் பூச்சியையும் புழுவையும் கொல்கிறது, பட்டினிதான் குருவியைக் கிளப்புகிறது என்று துரை சொல்கிறார். சில குருவிகள் குளிர் வரும் முன்பே பகல் குறைவதை அறிந்து கிளம்பிவிடும். சில குருவிகள் மலையிலேயே பிடிவாதமாக இருந்து, ஓடைக்கரை உறைந்த பிறகுதான் பள்ளத்துக்கு இறங்கும். எந்தக் குருவி எந்தக் குளிருக்கு இறங்குகிறது என்று பார்க்கவே துரை மேல் பள்ளத்தாக்குக்குப் போகிறார். விடியும்போது கண்ணாடிக் குழாயில் குளிரின் அளவைப் பார்த்துச் சொல்வதும், சுற்றிலும் என்னென்ன குருவி மிச்சம் என்று பார்த்து வருவதும் என் வேலை. கடைசிக் குருவி இறங்கியதும் அதன் பின்னாலேயே நாங்களும் இறங்கிவிடுவோம். நம் தோப்பில் ஆறுமணிக் குருவி கேட்டால், இங்கே குளிர் வந்துவிட்டது, உங்கள் மகன் கம்பளிக்குள் இருக்கிறான் என்று அறிந்துகொள்ளுங்கள். இப்படி எழுதிவிட்டு அதே கடிதத்தின் ஓரத்தில், மஞ்சள் மூக்குக் காக்கை ஒன்று எந்தப் பனிக்கும் இறங்காமல் மலைச்சிகரத்தின் மேலேயே விளையாடிக்கொண்டிருக்கும் என்றும் வேடிக்கையாக எழுதியிருந்தாய். எனக்கு வேடிக்கையாக இல்லை. அப்படி ஒரு பறவை இறங்கவே இறங்காது என்றால் கடைசிக் குருவி என்று எதைச் சொல்கிறார் உன் துரை? அவர் எதற்காகக் காத்திருக்கிறார்? குருவியே இருக்க முடியாது என்று விட்டுப்போன இடத்தில் இனயத்து மனுஷனுக்கு என்ன வேலை? கணக்குத் தப்பினால் அவருக்கு ஒரு புஸ்தகத்தில் ஒரு வரி தப்பும், எனக்குப் பிள்ளை தப்பும் என்று அன்றைக்கே பதில் எழுதித் தபாலில் போட்டேன். அது உனக்குக் கிடைத்திருந்தால் நீ சிரித்திருப்பாய்.

புரட்டாசி பாதியில், மிக்கேல் சம்மனசு திருநாளன்று மாலை மணி அடித்துவிட்டுக் கயிற்றைக் கட்டும்போது தோப்புக்குள் அந்த இரட்டை விசில் கேட்டது. இந்த வயதில் வீட்டுக்கு ஓடினேன். ஏட்டி, மவனுக்க குருவி வந்தாச்சு என்று வாசலில் நின்று கத்தினேன். உன் அம்மையும் உன் பெண்டாட்டி செசிலியும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நின்று கேட்டார்கள். செசிலி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி. நீ எழுதினபடியே வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் ஒன்றை யோசிக்கவில்லை. மற்ற வருஷங்களில் அது செபமாலை மாதம் பாதி கழிந்து, ஐப்பசி பிறக்கும்போதுதான் வரும். இந்த வருஷம் இவ்வளவு சீக்கிரம் வந்ததற்கு என்ன அர்த்தம்? அது நாள் பார்த்துக் கிளம்புகிற ஜாதி, காற்று நல்லபடியாக இருந்திருக்கும், முந்தி வந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பின்னாலேயே கடற்கரையில் வலை காயப்போட்ட மணலில் வாலாட்டிகள் வந்து இறங்கின. அவை மலையோடையில் இருக்கிறவை, கரை உறைந்தால்தான் இறங்குகிறவை என்று எழுதியவன் நீதான். அவ்வளவு வாலாட்டியை நான் எந்த ஐப்பசியிலும் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவற்றின் பின்னால் ஓடி விளையாடின, நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை இறங்கிவிட்டன, நீ இறங்கினாயா? குளச்சல் தபால்காரர் கோலப்பனிடம் கேட்டேன். அவர் பேப்பர் படிக்கிறவர். உபதேசியாரே, அந்தப் பக்கத்து மலைவழியெல்லாம் இந்த வருஷம் பனி முந்தி விழுந்து மூடிப்போச்சாம், லெட்டரு வரல்லேன்னா ஆளு இல்லேன்னு அர்த்தமில்ல கேட்டீரா என்றார். நல்ல மனுஷன். ஆனால் அவர் சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் நின்றது.

பிறகு ஆத்துமாக்கள் மாதம் வந்தது. அந்த மாதம் முழுக்க மாலை செபத்தில் வீடு வீடாகச் செத்தவர்கள் பெயரை நான் வாசிப்பது உனக்குத் தெரியும். அந்த மாதத்தில் வீட்டுக்குள் தானாக வந்து நுழைகிற பூச்சியானாலும் சரி பறவையானாலும் சரி, அதைச் செத்தவர் ஆத்துமா என்று வெளியே விரட்டாமல், குடிக்க ஒரு சிரட்டையில் வெள்ளம் வைக்கிற வழக்கமும் உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் நீயே தும்பிக்கு வெள்ளம் வைத்திருக்கிறாய். ஆத்துமாக்கள் திருநாளன்று பிற்பகல் பெரிய மழை. மழை சற்று விட்ட நேரத்தில் ஒரு ஆறுமணிக் குருவி திறந்திருந்த கதவு வழியாகத் தாறுமாறாகப் பறந்து வந்து உன் மரப்பெட்டி வைத்திருக்கிற மூலையில் சுவரில் மோதி விழுந்தது. நனைந்து நடுங்கிக்கொண்டு வாயைத் திறந்தபடி கிடந்தது. கூட்டத்துக்குப் பிந்தி வந்த பலவீனமான குருவி, காற்றில் அடிபட்டு வழி தெரியாமல் வந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. இவ்வளவு தூரம் பறந்து வந்தால் மனுஷனே சுவரில் மோதுவான். ஆனால் வந்த நாள் எது, விழுந்த மூலை எது என்று பார். உன் அம்மை ஒரு சத்தம் போட்டாள் மக்கா, அது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் அதைத் தூக்கி வெளியே தோப்பில் விடலாம் என்று குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். எனக்க பிள்ள குளிரு தாங்காம வீட்டுக்கு வந்திருக்கான், நீங்க அவன மழையில வெரட்டப் பாக்குதியளே, நீங்க ஒரு தகப்பனா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பில்லை. கூடையில் உன் பழைய வேட்டியை மெத்தைபோல் மடித்துப் போட்டு அதில் குருவியை வைத்து, பக்கத்தில் சிரட்டைக் கனல் போட்டு இரவும் பகலும் காத்தாள். செசிலி தோப்பெல்லாம் சுற்றிக் கறையான் புற்றை உடைத்துக் கொண்டுவந்து தின்னக் கொடுத்தாள். அவள் கொடுத்தது குருவிக்கு, உன் அம்மை கொடுத்தது உனக்கு, இரண்டு பேரும் ஒரே கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் உன் கடிதங்களை எடுத்து உரக்க வாசித்துக் காட்டினேன். பார், அவனே எழுதியிருக்கிறான், குளிரில் பூச்சி சாகும், பட்டினியில் குருவி கிளம்பும், வருஷா வருஷம் வரும், இது புதிதல்ல என்று வாசித்தேன். அதற்கு அவள், அவன் உசிரோட இருக்கும்போ எழுதினது அது என்றாள். கடிதங்களை மடித்து உன் பெட்டியில் வைத்துவிட்டேன். குருவி கொஞ்சம் தேறியதுபோல் எழுந்து நின்றது, இரண்டு தடவை விசில் கொடுத்தது, மறுநாள் விடியும்போது செத்துக் கிடந்தது. அன்றைக்கு நடந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஊர்ப் பெண்கள் எல்லாம் தலைமுடியை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். என் வீட்டு முற்றத்தில் ஒரு கைப்பிடிக் குருவியை நடுவில் கிடத்தி வைத்து உன் பெயரைச் சொல்லி மாரடித்து அழுதார்கள். ஆண்கள் கரையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். உன் ஞானஸ்நானத் துணியில் அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டத்துக்குள் கொண்டுபோக வந்தாள் உன் அம்மை. நான் வாசலில் கையை விரித்து நின்று மறித்தேன். கடைசியில் மதிலுக்கு வெளியே கொல்லாமரத்தடியில் புதைத்தார்கள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தபோது கேள்விப்பட்டு, சர்வேசுரன் சேதி சொல்ல நினைத்தால் அவருக்குச் சம்மனசுகள் இருக்கிறார்கள், குருவி எதற்கு என்று பிரசங்கத்தில் கோபமாகச் சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள், வெளியே வந்து என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஒருத்தி மட்டும் நம்பவில்லை, அது செசிலி. முட்டத்திலிருந்து அவள் அண்ணன் அல்போன்ஸ் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான், குறை சொல்வதற்கில்லை. மாமா, கோவப்படாதீங்க, ஆத்துமா வந்து சொல்லிட்டுப் போயாச்சு, இனி எனக்க தங்கச்சி இஞ்ச யாருக்குக் காத்துக் கெடக்கணும் என்றான். நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் உள்ளேயிருந்து வந்தாள். குருவி வரும்னு அவிய எழுதினாவ, வந்துது. குளிரு முந்தி வந்தா குருவியும் முந்தும்னு எழுதினாவ, முந்திச்சு. எறங்கி வருவேன்னும் எழுதியிருக்காவல்லா, அது மட்டும் எப்பிடிப் பொய்யாவும் அண்ணே என்று கேட்டாள். அல்போன்ஸ் அன்றைக்கே முட்டத்துக்குத் திரும்பிப் போனான். அன்றைக்கு அவளை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. திங்கட்கிழமைதோறும் மீன் விற்கப் போகிற பெண்களோடு கரைவழியாகக் குளச்சலுக்கு நடந்துபோய்க் கோலப்பனிடம் தபால் வந்ததா என்று கேட்டுவிட்டு வருவாள். சாமியாரிடம் கெஞ்சி, ஸ்ரீநகரத்தில் துரை தங்குகிற வெள்ளைக்காரர் கிளப்புக்கு இங்கிலீஷில் எழுதிப் போட்டதற்கு, மார்கழிக் கடைசியில் மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்து பதில் வந்தது. துரையும் ஆட்களும் மட்டக்குதிரைகளோடு மேல் பள்ளத்தாக்குக்குப் போனார்கள், பனி முந்தி விழுந்து கணவாய் அடைத்துவிட்டது, வைகாசியில் திறக்கும்வரை ஒன்றும் தெரியாது, அங்கே தானியம் உள்ள ஊர்கள் இருப்பதால் தங்கிப் பிழைத்திருக்கவும் கூடும் என்று எழுதியிருந்தார்கள். செசிலி அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் சாமியாரிடம் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வைகாசிதானே மாமா, இருப்போம் என்றாள். நானும் அவளும் வைகாசிவரை இருப்போம் என்றுதான் நினைத்தேன்.

உன் அம்மையால் இருக்க முடியவில்லை. சேசு பிறப்புத் திருநாள் கழிந்ததிலிருந்து சோறு சரியாகத் தொடவில்லை, பத்து நாளாக வெள்ளம் மட்டும்தான். எழுந்து உட்காரவும் பிடிக்க வேண்டும். நெய்யாற்றங்கரையிலிருந்து வந்த வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, மனசைத் தேற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மனசைத் தேற்ற அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், உனக்குத் துக்கமணி அடிக்க வேண்டும். மணி அடிக்காத வரைக்கும் செத்தவனுக்கு வழி தெரியாது, எனக்க பிள்ள வெளிய குளிருல நிக்கான், நீங்க கயிறக் கையில வச்சிட்டு அவன நிறுத்தி வச்சிருக்குதியள் என்று ஓயாமல் சொன்னாள். நான் இந்தக் கோயிலில் கயிறு பிடித்த நாளிலிருந்து பிரேதத்தைக் கண்ணால் பார்க்காமல் துக்கமணி அடித்தவன் அல்ல. கடலில் போனவர்களுக்குக்கூட வள்ளமோ துணியோ கரை சேர்ந்த பிறகுதான் அடித்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற மகனுக்கு நானே அடிப்பதா? முடியாது என்று சண்டை போட்டேன், கத்தினேன், ஒருநாள் சாப்பாட்டுச் சட்டியைக்கூடத் தூக்கி எறிந்தேன். நேற்றிலிருந்து அவள் சண்டை போடுவதையும் விட்டுவிட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், கூப்பிட்டால் திரும்பவில்லை. இன்று காலையில் கை கால் சில்லிட்டுப்போய், கண் மேலே செருகியது. உதடு மட்டும் அசைந்தது. காதைக் கொண்டு வைத்தேன். மணி, என்றாள்.

நான் போய் அடித்தேன். மரியஜான், உன் அப்பன் உனக்குத் துக்கமணி அடித்தேன். கயிறு எப்போதும் போலத்தான் இருந்தது, கை எப்போதும் போலத்தான் இழுத்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. துக்கமணி கேட்டால் அன்றைக்குக் கடலில் யாரும் இறங்கக்கூடாது, இறங்கினவர்களும் திரும்ப வேண்டும் என்பது நம் கரையின் முறை அல்லவா, வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரண்டு வாரமாக மீன்படாமல் இன்றைக்குத்தான் சாளைக்கூட்டம் கண்டிருந்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. யாருக்கு உபதேசியாரே மணி என்று கேட்டார்கள். எனக்க வீட்டுக்கு என்று மட்டும்தான் என் வாயில் வந்தது. வீட்டுக்கு வந்தால் உன் அம்மை கண்ணைத் திறந்திருந்தாள். கஞ்சி கேட்டாள். குடித்தாள், குடித்துவிட்டு உன் பெயரைச் சொல்லிச் சிலுவை போட்டுவிட்டுத் தூங்கினாள். ஒரு உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

இன்று திங்கட்கிழமை என்பதை நான் மறந்துவிட்டேன். செசிலி குளச்சலிலிருந்து கரைவழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். தூரத்தில் மணி கேட்டிருக்கிறது. அத்தைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்திருக்கிறாள். வழியில் கண்டவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தால் அத்தை மூச்சுவிட்டுத் தூங்குகிறாள். என்னிடம் வந்து நின்றாள். மாமா, நான் தபாலுக்குப் போன நேரத்துல தந்தி வந்துதா என்று கேட்டாள். இல்லை மக்களே, தந்தியும் இல்லை ஒன்றும் இல்லை, அத்தை உயிர் நிற்கவேண்டும் என்றுதான் அடித்தேன், சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நீங்க கண்ணால காணாம மணி அடிக்க மாட்டியளே மாமா, என்றாள். நாற்பது வருஷம் நான் பொய்யாக மணி அடிக்காததே அவளை வெட்டிப்போட்டது. குருவி வந்து சொன்னபோது நம்பாதவள், ஊரே அழுதபோது நம்பாதவள், நான் அடித்த மணியை நம்பிவிட்டாள். அழவில்லை. கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். போய்ப் போய்ச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளைத் தேற்றுவதற்காக நான் மறைப்பதாக நினைக்கிறாள். முட்டத்துக்கு ஆள் போய்விட்டது, அல்போன்ஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான், எந்த முகத்தோடு நான் தடுப்பேன்? சாமியார் வந்தால் கோயில் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிடுவார், வாங்கட்டும், அந்தக் கயிற்றை இனி நான் தொடமாட்டேன். உன்னை எப்படி நினைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை மக்கா. யாத்திரையில் இருக்கிறவர்களுக்கு ஒரு செபம் உண்டு, செத்தவர்களுக்கு வேறு செபம் உண்டு. ஊரில் யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். இன்று மத்தியானம் முழங்கால் போட்டு உன் பெயரைச் சொல்லிவிட்டு, எதைச் சொல்வது என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கணவாய் திறக்கும்வரை உன்னிடம் வராது என்பது எனக்குத் தெரியும். இங்கே வெயில் ஏறி, சித்திரையில் பாஸ்குத் திருநாளை ஒட்டிக் குருவிகள் வடக்கே கிளம்பிவிடும், இதற்கு முன்னே அவை அங்கே வந்து சேர்ந்துவிடும். அவற்றுக்கு அடைத்த கணவாய் ஒன்றுமில்லை. நீ இருக்கிறாய் என்றால் முதல் கடிதத்தை எனக்கு எழுதாதே, செசிலிக்கு எழுது, முட்டம் அல்போன்ஸ் வீட்டு விலாசத்துக்கு எழுது, உன் கையெழுத்தைத் தவிர வேறு எதையும் அவள் இனி நம்பமாட்டாள். தாலி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வந்து நீயே கட்டு. வந்து என்னைத் திட்டு, அடிக்க வேண்டுமென்றாலும் அடி, உயிரோடு இருக்கிறவனுக்கு மணி அடித்த கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். துரை இன்னும் ஒரு குருவி மிச்சம் இருக்கிறது என்று சொன்னாலும் கேட்காதே, நீ இறங்கு. தனியாகப் படுக்காதே, ஆட்களோடு ஒட்டிப் படுத்துக்கொள். நெஞ்சில் கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள், அங்கே தேங்காயெண்ணெய்க்கு எங்கே போவாய், எது கிடைக்கிறதோ அதைத் தேய். கழுத்தில் போட்டிருக்கிற தேவமாதா உத்தரியத்தைக் கழற்றாதே. என்ன சாப்பிட்டாய் என்று எழுது, உன் அம்மைக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். நீ எந்த இடத்தில் இருந்தாலும், பூமிக்கு மேலே என்றாலும் சரி, நான் எழுத விரும்பாத அந்த மற்ற இடம் என்றாலும் சரி, சேசுவும் தேவமாதாவும் சூசையப்பரும் அங்கே வந்து உன் தலையில் கை வைத்திருக்கட்டும். கோலப்பனிடம் இதைச் சேர்க்கக் குளச்சலுக்குப் போகிற ஆள் வரும் நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
உன்னை விடாமல் ஆசீர்வதிக்கும் அப்பன்,
ஏசுஅடிமை

இதை மரியஜான் அல்லாமல் வேறு யாராவது பிரிக்க நேர்ந்தால்: ஐயா, நீர் யாரோ எனக்குத் தெரியாது. இந்த வார்த்தைகளை நேற்றே, பூசைக்கு வந்த சாமியாரிடம் கேட்டு இந்தத் தாளின் பின்பக்கத்தில் இங்கிலீஷிலும் எழுதி வாங்கியிருக்கிறேன். பனி உருகி முதலில் மேலே போகிற ஆளிடம் இதைக் கொடுத்துவிடும். போனவர் என் மகனை உயிரோடு காணவில்லை என்றால், எப்படி நடந்தது, யார் குற்றம் என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். நாங்கள் கடற்கரை ஜனம், குளிர் அறியாதவர்கள். அவனை வைத்திருக்கிற இடத்தில் பகலில் கொஞ்ச நேரமாவது வெயில் படுகிறதா என்று மட்டும் எனக்கு எழுதும்.